முதுமையில் உடல் வலுவும் மன நலமும்: ஒரு நாற்காலியை வைத்துத் தொடங்கும் முழு வழிகாட்டி

வயதானவர் ஒருவர் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தால் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நீங்க பேசாம உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அன்பு சில மாதங்களில் அவருடைய கால்களின் வலுவை எடுத்துவிடும். கால் தளர்ந்தால் வெளியே போவது குறையும். வெளியே போகாதவரிடம் பேச ஆள் குறைவார்கள். அப்புறம் மனம் சோர்ந்துவிட்டது என்று வருத்தப்படுவோம்.

படுத்திருப்பது உடலை என்ன செய்யும் என்பதற்கு 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, அந்த 30 ஆண்டு மூப்பில் இழந்ததைவிட அன்று 3 வாரப் படுக்கையில் அவர்கள் இழந்த உழைப்புத் திறனே அதிகமாக இருந்தது. இருபது வயதிலேயே இப்படியென்றால் எழுபதில் எப்படி இருக்கும்?

இழந்ததைத் திரும்பப் பெறவும் முடியும். 1990இல் பாஸ்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 உள்ள, மிகவும் தளர்ந்த முதியவர்களுக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. "இனிமேல் என்ன ஆகப்போகிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆய்வுதான்.

உடலுக்கு ஒரு திட்டம், மனதுக்கு வேறொரு திட்டம் என்று பிரித்தால் இரண்டுமே பாதியில் நிற்கும். அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். தொடக்கம் கால்களில்தான். தன்னால் எழ முடியும், தன்னால் நடந்து போய் ஒருவரைப் பார்த்துவிட்டு வர முடியும் என்பது முதியவர் ஒருவருக்கு எவ்வளவு பெரிய மனபலம் என்பதை, அதை இழந்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

முதல் படி: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

மெதுவாக நடக்கத் தொடங்குவதற்குப் பெரும்பாலானவர்களுக்குச் சிறப்பு அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனால் நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறல், திடீர் மயக்கம், ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், அண்மையில் எலும்பு முறிவு அல்லது அறுவை சிகிச்சை, இவற்றில் ஏதேனும் இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட இது நல்லது. "இதில் தலைசுற்றல் தருவது எது, இப்போது தேவையில்லாதது எது?" என்று நேராகவே கேளுங்கள். தூக்க மாத்திரைகள் முதியவர்கள் விழுவதற்கு ஒரு முக்கியக் காரணம். அதற்காக அவற்றை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. பலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பிபியை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்க்காமல், எழுந்து நின்ற பிறகும் 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், எழும்போது வரும் தலைசுற்றலுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் பயிற்சி நேரத்தில் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதையும், கையில் இனிப்பு ஏதாவது வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலையில் (ஆஸ்டியோபோரோசிஸ்) இருப்பவர்கள் முதுகை வளைத்துக் குனிவதையும், இடுப்பை வேகமாகத் திருப்புவதையும் தவிர்க்க வேண்டும்.

மூட்டுவலி இருக்கிறதே என்பார்கள் பலர். முழங்கால் தேய்மானத்துக்கு முதல் வரிசைச் சிகிச்சைகளில் ஒன்றே உடற்பயிற்சிதான். பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். மறுநாளைக்குள் அது அடங்கிவிட்டால் தொடரலாம். அடங்காமல் கூடினால் அளவைக் குறையுங்கள், முழுவதுமாக விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: இப்போது எங்கே நிற்கிறோம்

கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் இடம் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். நாற்காலியின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று ஒருவர் அருகில் நின்று எண்ணட்டும். கையை ஊன்றித்தான் எழ முடிகிறதென்றால் மதிப்பெண் பூஜ்ஜியம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தொடங்கும் இடம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் அளவுகளின்படி 65 முதல் 69 வயதுவரை ஆண்கள் 12க்குக் கீழும் பெண்கள் 11க்குக் கீழும் எழுந்தால் விழும் ஆபத்து அதிகம் என்று பொருள். 70 முதல் 74 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. 80 முதல் 84 வரை ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 9.

எண்ணிக்கையைவிட எழும் விதத்தை நான் கூர்ந்து பார்ப்பேன். கால் வலு குறைந்தவர் முதல் இரண்டு முறை நன்றாக எழுவார். மூன்றாவதில் முழங்கால்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாயத் தொடங்கும். நான்காவதில் உடம்பை ஆட்டி வேகம் பிடித்து எழுவார். உட்காரும்போது பாதி வழியில் பிடி விட்டுப்போய்த் தொப்பென்று விழுவார். அந்தத் தொப்பென்ற சத்தம் முக்கியம். தொடைத் தசைக்கு உடலை மெல்ல இறக்கும் வலு இல்லை என்பதை அது சொல்கிறது. படி இறங்கும்போதும், கழிப்பறையில் உட்காரும்போதும் இவர் விழக்கூடும்.

அடுத்தது சமநிலை. ஒரு கால் குதிகாலை இன்னொரு கால் விரல்களுக்கு முன்னால் ஒட்டி வைத்து, ஒரே கோட்டில் 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். பிடித்துக்கொள்ள ஏதாவது அருகில் இருக்கட்டும். நிற்க முடியவில்லை என்றால் ஐந்தாம் படிதான் உங்களுக்கு முதலில் தேவை.

மனதுக்கும் ஓர் அளவு பார்க்க வேண்டும். கடந்த 2 வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? முன்பு பிடித்த விஷயங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போனதா? மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்விகள் இந்த இரண்டும்தான். ஒன்றுக்காவது ஆமாம் என்றால் ஆறாம் படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாம் படி: கால்களுக்கு வலு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வேன் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு விரித்து, குதிகால்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி இழுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் எழத் திணறுவது வலு இல்லாததால் மட்டும் இல்லை, பாதத்தை முன்னால் நீட்டி வைத்திருப்பதாலும்தான். முதுகை நேராக வைத்தபடி இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வந்ததும் குதிகாலை அழுத்தி எழுங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் பிபி சட்டென்று ஏறும். நின்றதும் ஒரு கணம் நேராக நில்லுங்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள். தொடை வலுப்பெறுவது இந்த மெதுவான இறக்கத்தில்தான்.

முடியவில்லையா? இருக்கையில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். அதுவும் கடினமென்றால் கைப்பிடி உள்ள நாற்காலியில் கையை ஊன்றியே தொடங்குங்கள். முதலில் 5 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 5 முறை. 10 முறை எளிதாகும்போது மெத்தையை எடுத்துவிடுங்கள். அதன்பின் கையை விடுங்கள். அதற்கும் மேல் போனால் இரண்டு கைகளிலும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எழலாம். கடைசி இரண்டு முறை கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லாமல் செய்துகொண்டிருந்தால் தசை வளராது. முதியவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்கள் பயந்து பயந்து லேசான அசைவுகளோடு நிறுத்திவிடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இதோடு இன்னும் மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் மேடையையோ மேசையையோ பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. சுவரில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து, தள்ளித் திரும்புவது. நின்றபடி ஒரு காலைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்துவது. இவற்றை 10 முதல் 15 தடவை, வாரத்தில் 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்தால் போதும்.

முதல் சில வாரங்களில் வலு கூடுவது நன்றாகத் தெரியும். தசை பருக்காமலேயே அப்படி நடக்கிறது, ஏனென்றால் ஏற்கெனவே இருக்கும் தசையை நரம்புகள் முதலில் நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன. தசை வளர்வதற்கு இன்னும் பல வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் வேகமாக முன்னேறி நடுவில் தேக்கம் வந்தது போலத் தெரிந்தால் அது இயல்பு, விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: நடை

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதே பரிந்துரை, கொஞ்சமாகச் செய்வது ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட நல்லது என்றும் சொல்கிறது. 5 நிமிடம் நடப்பவர் 7 நிமிடமாக்கட்டும். காலையில் 10, மாலையில் 10 என்று பிரித்தாலும் கணக்கில் சேரும்.

வேகத்தை நாடித்துடிப்பை வைத்துப் பார்க்காதீர்கள். பிபிக்கும் இதயத்துக்கும் தரும் சில மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது என்பதால் கணக்கு தப்பிவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகம் என்பது அதுதான். செருப்பு பின்னால் வார் உள்ளதாக, அடி வழுக்காததாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: விழாமல் இருக்க

முதியவர்களின் சமநிலைக்கும் கால் வலுவுக்குமான பயிற்சிகள் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. மெதுவான அசைவுகளால் ஆன தாய்ச்சி என்ற சீனப் பயிற்சியும் இதில் நல்ல பலன் தருவது. வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கு ஒதுக்குங்கள்.

பல் தேய்க்கும் நேரமே போதும். ஒரு கை மேடையில் இருக்க, ஒற்றைக் காலில் 10 விநாடி, பிறகு மறு கால். வாரங்கள் போகப்போக முழுக்கையிலிருந்து இரண்டு விரல், ஒரு விரல் என்று பிடியைக் குறையுங்கள். சுவரை ஒட்டி, குதிகால் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நடந்து பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வித்தைகள் வேண்டாம்.

வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சுருளும் கால்மிதி, வழியில் கிடக்கும் ஒயர், கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் இருட்டு வழி, குளியலறையில் பிடிக்க எதுவும் இல்லாத சுவர். இரவு விளக்கும் கைப்பிடிக் கம்பியும் பொருத்துவது ஒரு நாள் வேலை.

விழுந்துவிட்டால் எப்படி எழுவது என்பதையும் நன்றாக இருக்கும்போதே பழகி வைக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. விழுந்தவுடன் எழப் பார்க்காமல் ஒரு நிமிடம் அப்படியே இருந்து எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். இடுப்பில் கடுமையான வலி இருந்தால் அசையாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள். பெரிய அடி இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து உறுதியான நாற்காலிக்கு வாருங்கள். இருக்கையில் இரு கைகளையும் ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னால் வைத்து எழுந்து, மெல்லத் திரும்பி உட்காருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆறாம் படி: மனம்

முதியவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளியே வராது. உடம்பு வலியாக, பசியின்மையாக, எரிச்சலாக வரும். சோதனை எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் வயிறு சரியில்லை, முதுகு வலி என்பார். "என்ன ஆச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். தினமும் ஷேவ் செய்துகொண்டவர் தாடியோடு உட்கார்ந்திருப்பார். விடாமல் பேப்பர் படித்தவருக்கு அது மடித்தபடியே கிடக்கும். வயதானால் இப்படித்தான் என்று நாம் கடந்துபோவோம். மனச்சோர்வு முதுமையின் இயல்பு கிடையாது. அது நோய், சிகிச்சையில் குணமாவது.

முதலில் உடலில் காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, இரத்தசோகை, சில மாத்திரைகள் ஆகியவை மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும். ஓரிரு நாளுக்குள் திடீரெனக் குழப்பம், ஆள் தெரியாமை, சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் அது மனச்சோர்வாகவோ மறதிநோயாகவோ இல்லாமல் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மருந்துக் கோளாறு இப்படி வெளிப்படும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

மனம் சரியானதும் நடப்பேன் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். அது நேர்மாறாக வேலை செய்கிறது. விருப்பம் வராவிட்டாலும் சின்னதாக ஒன்றைச் செய்தால், விருப்பம் பின்னால் வரும். மனநல சிகிச்சையிலேயே இதை ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். ஒரு தாளில் நாளைக்கு ஒன்று என்று எழுதுங்கள்: காலை 8 மணிக்கு வாசல்வரை நடப்பது, மாலை ஒரு போன். "சந்தோஷமாக இருக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். எப்போது, என்ன, யாரோடு என்று இருக்கட்டும். செய்து முடித்தபின் மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். இரண்டு வாரத் தாள்களைப் பார்த்தால் எது மனதைத் தூக்குகிறது என்று அவருக்கே தெரியும்.

நடையின் பலன் மூளையிலும் தெரிகிறது. அசைவு குறைந்த 120 முதியவர்களை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டு வாரம் 3 நாள் நடந்தவர்களுக்கு நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி ஏறத்தாழ 2 சதவீதம் வளர்ந்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது.

அப்புறம், மனிதர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் இழப்பது சம்பளத்தை மட்டுமா? தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பத்துப் பேரையும் இழக்கிறார். துணையை இழந்தவருக்கு வெற்றிடம் இன்னும் பெரியது. துக்கம் அலை அலையாக வந்து போகும், நடுவில் பழைய கதை ஒன்றில் சிரிப்பும் வரும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் எதிலும் ஒட்டாமல், தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் உதவி தேட வேண்டும். ஒருவரைச் சும்மா கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பதைவிட, அவர் தேவைப்படும் ஒரு வேலையைக் கொடுப்பது நல்லது. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருவதோ, செடிகளைப் பார்த்துக்கொள்வதோ எதுவாகவும் இருக்கலாம்.

யாரோடும் சேரமாட்டேன் என்கிறாரே என்றால் காதைச் சோதியுங்கள். நான்கு பேர் பேசும் இடத்தில் பாதி புரியாமல் சிரித்துச் சமாளிப்பது களைப்பான வேலை, அதனால்தான் பலர் ஒதுங்குகிறார்கள். மறதிநோய் வரும் ஆபத்தைக் கூட்டும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்டதில் கேட்கும் திறன் குறைவும், தனிமையும், மனச்சோர்வும், உடலுழைப்பின்மையும் இருக்கின்றன. கண்ணாடியும் காதுக்கருவியும் மனநல சிகிச்சைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"நான் எல்லாருக்கும் பாரம்", "போய்ச் சேர்ந்தா நல்லது" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. ஆமாம் என்றால் தனியே விடாமல், மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள்.

ஏழாம் படி: சாப்பாடு, தூக்கம்

தசைக்குப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். பருப்பு, முட்டை, பால், மீன் என எது ஒத்துக்கொள்கிறதோ அதை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகு. தாகம் வயதானால் மங்கும் என்பதால் தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

தூக்கம் 7 முதல் 8 மணி நேரம். எத்தனை மணிக்கு எழுகிறோம் என்பதை முதலில் நிலைப்படுத்துங்கள், காலை வெளிச்சத்தில் நடங்கள், பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்துங்கள்.

முதல் மூன்று மாதம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் நாற்காலிப் பயிற்சியும் குறுகிய நடையும் மட்டும். மூன்றாம் வாரம் சமநிலையைச் சேருங்கள், ஐந்தாம் வாரம் சுவர்ப் பயிற்சியையும் மற்றவற்றையும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அந்த 30 விநாடிச் சோதனையைத் திரும்பச் செய்து தேதியோடு எழுதி வையுங்கள். 6 என்பது 9 ஆனதைத் தன் கையெழுத்தில் பார்ப்பது, மற்றவர்கள் நூறு முறை பாராட்டுவதைவிட உற்சாகம் தரும்.

பிள்ளைகளுக்கு ஒன்று. "நடந்தீங்களா?" என்று போனில் விசாரிக்காமல், "வாங்க, போய்ட்டு வரலாம்" என்று கூட நடங்கள். அவர் எழச் சிரமப்படும்போது கையைப் பிடித்துத் தூக்க ஓடாதீர்கள். பக்கத்தில் நின்று 10 விநாடி பொறுங்கள், பெரும்பாலும் அவரே எழுந்துவிடுவார்.

நடுவில் காய்ச்சல் வரும், பயணம் வரும், சில வாரம் விட்டுப்போகும். திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்துக்குப் போகாமல் பாதி அளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு ஏறுங்கள். மருத்துவமனையில் படுத்திருக்க நேர்ந்தால், அனுமதி கிடைத்த முதல் நாளிலேயே சாப்பாட்டைக் கட்டிலில் வாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடக் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்றும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.